ழ-வை எந்த சாஃப்ட்வேர் எழுதித் தரும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அல்சூர் மார்க்கெட் பழக்காரம்மா பத்தி எழுதியிருந்தேன், அவங்க சொன்ன "பழம்" என் காதுக்கு ழவாவும் இல்ல ளவாவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நின்னுச்சு, அதை எப்படி எழுதுறதுன்னு ஒரு சாயங்காலம் பூரா முழிச்சேன்னு. அது இத்தனை பேரைக் கிளப்பி விடும்னு நினைக்கல. வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒலியெழுத்து, அதுக்கு என்ன சாஃப்ட்வேர், எப்படி டைப் பண்றதுன்னு தான். அதனால வாடகை அட்வான்ஸ், மெட்ரோ கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. ஐபிஏன்னு இங்க நான் சொல்றது சர்வதேச ஒலியெழுத்து. 1886ல பாரிஸ்ல மொழி சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருங்க சேர்ந்து ஆரம்பிச்ச சங்கத்தோட வேலை அது. எந்த மொழியா இருந்தாலும் ஒரு சத்தத்துக்கு ஒரு குறி. நம்ம ழவுக்கு உள்ள குறி, ஆங்கில சின்ன ஆரைத் தலைகீழா கவுத்து அடியில ஒரு கொக்கி மாட்டின மாதிரி இருக்கும்.

கேள்வி: எம்.ஏ. மொழியியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஸ்ரீராமபுரத்துல எட்டு பேர் பேச்சை ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், மொத்தம் மூணு மணி நேரம். ஆடியோவைப் போட்டா ஐபிஏவுல எழுதித் தர்ற சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கா? அடுத்த மாசம் சப்மிஷன். — ஒரு மாணவி, கெங்கேரி

இருக்குன்னு சொன்னா பொய், இல்லன்னு சொன்னாலும் பொய். மூணு விதமான சாமான் சந்தையில இருக்கு, எல்லாரும் மூணையும் ஒரே பையில போட்டுக் குழப்பிக்கிறாங்க.

ஒண்ணு, பேச்சைக் கேட்டு சாதாரண எழுத்துல எழுதுறது. 2022 செப்டம்பர்ல ஓபன்ஏஐ விட்ட விஸ்பர் அந்த வகை, தமிழும் எழுதும். ரெண்டாவது, எழுத்தைக் கொடுத்தா அதை ஐபிஏவா மாத்துறது. எபிட்ரான்னு ஒண்ணு, ஈஸ்பீக் என்ஜி (eSpeak NG)-ன்னு ஒண்ணு, ரெண்டுலயும் தமிழ் இருக்கு. மூணாவது, நேரா ஆடியோவைக் கேட்டு சத்தத்தை ஊகிக்கிறது. அலோசாரஸ்னு ஒரு சாமான் அந்த வேலைக்குன்னே வந்துச்சு. மூணாவது தானே உங்களுக்கு வேணும்? ஆனா தெருவுல ஆட்டோ ஹாரன் அடிக்க, பக்கத்துல குழந்தை அழ எடுத்த ரெக்கார்டிங்ல அது தர்றதை அப்படியே தீசிஸ்ல ஒட்டினா வைவாவுல உங்க நிலைமை பாவம்.

அதனால பல பேர் என்ன பண்றாங்கன்னா முதல் ரெண்டையும் சங்கிலி மாதிரி கோத்துடறாங்க, ஆடியோ விஸ்பருக்குப் போகும், விஸ்பர் எழுதினது எபிட்ரானுக்குப் போகும், ஐபிஏ வந்து விழும், பார்க்க அவ்வளவு சுத்தமா இருக்கும். வம்பே அந்த சுத்தத்துல தான். உங்க ஸ்ரீராமபுரம் பாட்டி "காத்து வரல, ஜன்னல தொற"ன்னு சொல்லியிருப்பாங்க. முதல் சாமான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி "காற்று வரவில்லை"ன்னு திருத்தி எழுதிடலாம், அது படிச்சது பெரும்பாலும் அந்த மாதிரி எழுத்தைத் தானே. ரெண்டாவது சாமானுக்குப் பாட்டியைத் தெரியாது, அது அந்த ற்ற-வுக்கு அழகா ஒரு குறி போட்டுக் கொடுத்துடும். பாட்டி வாயில வராத சத்தம் உங்க அட்டவணையில வந்து உக்காந்துக்கும், வந்த சத்தம் காணாமப் போயிடும். அதுக்குப் பேரு ஸ்பெல்லிங்கோட ஒலியெழுத்து, பாட்டியோட ஒலியெழுத்து இல்ல. "மரம்" அதே கதை தான். எழுத்துல ம் இருக்கு, பேச்சுல பாதி நேரம் உதடே மூடாது, கடைசி உயிர் மூக்குல ஏறி கிட்டத்தட்ட "மரோ"ன்னு முடியும். அதை எழுதணும்னா உயிருக்கு மேல ஒரு அலைக்கோடு போடணும், அந்த அலைக்கோடு உங்க காதுல இருந்து தான் வரணும்.

இப்ப உங்க கழுத்துக்கு மேல கத்தி தொங்குதே, அதுக்கு ஒரு வழி. மூணு மணி நேரத்தையும் எழுதாதீங்க. ஒரு நிமிஷப் பேச்சை நுணுக்கமா எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகும், உங்களுக்கு 180 நிமிஷம் இருக்கு, 90 மணி நேரம், சாப்பாடு தூக்கம் தனி. தீசிஸ் எதைப் பத்தி? ழவா, ற்றவா, கடைசி மூக்கொலியா? அதை முடிவு பண்ணிட்டு விஸ்பரை ஒரு தேடுற கருவியா மட்டும் வச்சுக்குங்க, எந்த நிமிஷத்துல "பழம்", "வாழ", "கீழ" வருதுன்னு அது காட்டும், அங்க மட்டும் போய் காதைத் தீட்டிக்கிட்டு எழுதுங்க. எந்தச் சத்தத்துக்கு எந்தக் குறின்னு குழப்பம் வந்தா, ஐபிஏ சங்கத்து ஜர்னல்ல 2004ல எலினோர் கீன் தமிழ் பத்தி எழுதின ஆறு பக்கக் கட்டுரையைப் பக்கத்துல வச்சுக்குங்க.

கேள்வி: எல்லாரும் ப்ராட், ப்ராட்ங்கிறாங்களேன்னு டவுன்லோட் பண்ணேன். திறந்ததும் ரெண்டு ஜன்னல் வந்துச்சு, ஒண்ணு காலி, இன்னொண்ணு பிங்க் கலர் கட்டம். பயந்து போய் மூடிட்டேன். எங்க ஆரம்பிக்கிறது? — ஒரு வாசகர், விவேக் நகர்

எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் மூடுறாங்க, நானும் மூடினேன். அந்தப் பிங்க் ஜன்னல் படம் வரையறதுக்கு, இப்போதைக்கு அதை மூடிடுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க்னு ரெண்டு பேர் எழுதின, பேச்சுச் சத்தத்தை அலசி அளக்கிற புரோகிராம் இது, ப்ராட்னா டச்சு மொழியில பேச்சு. முகப்பு பார்க்க 1990கள்ல நின்னு போன மாதிரி இருக்கும், உள்ள இருக்கிற சரக்குக்கு ஈடு இல்ல.

காலி ஜன்னல்ல ஓபன் மெனுவுக்குப் போய் ஆடியோ ஃபைலை எடுங்க. அது லிஸ்ட்ல வந்து நிக்கும், அதை செலக்ட் பண்ணிட்டு வலது பக்கம் அனொடேட்னு ஒரு பட்டன், அதுல டெக்ஸ்ட்கிரிட் உண்டாக்கச் சொல்லுங்க, ஆடியோவுக்குக் கீழ நாம எழுதிக்கிற தாள் மாதிரி அது. அடுக்குக்குப் பேர் கேக்கும், "சொல்", "ஒலி"ன்னு ரெண்டு அடுக்கு போதும். அப்புறம் ஆடியோவையும் டெக்ஸ்ட்கிரிட்டையும் ரெண்டையும் சேர்த்து செலக்ட் பண்ணி வியூ அண்ட் எடிட் அழுத்துங்க, இதுல தான் பாதி பேர் கோட்டை விடுவாங்க, ஒண்ணை மட்டும் செலக்ட் பண்ணிட்டு எழுத இடமே இல்லையேன்னு தேடுவாங்க.

இப்ப "வாழைப்பழம்"னு நீங்களே ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி திறந்து பாருங்க. மேல அலை, கீழ சாம்பல் கலர்ல புகை மாதிரி ஸ்பெக்ட்ரோகிராம். அந்தப் புகையில படுக்கை வசமா கறுப்புப் பட்டைகள் ஓடும், ஃபார்மன்ட்னு பேரு, கீழ இருந்து மேல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. வா-வுல மூணாவது பட்டை மேல நல்லா தள்ளி ஓடும். ழ வர்ற நேரம் அது கீழ சரிஞ்சு ரெண்டாவது பட்டை கிட்ட வந்து ஒட்டிக்கிற மாதிரி நிக்கும், ஐ-க்குப் போறப்போ மறுபடி ஏறும். அந்தச் சரிவு தான் உங்க ழ. சரிவே இல்லாம நேரா ஓடினா, நீங்க "வாளைப்பளம்"னு சொல்லிட்டு ழன்னு நினைச்சுக்கிட்டு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. என்னை நம்பாட்டி 1999ல நாராயணன், பைர்ட், கான் மூணு பேரும் எம்ஆர்ஐ எல்லாம் எடுத்து தமிழோட ர, ற, ல, ள, ழ அஞ்சையும் ஆராய்ஞ்ச கட்டுரையைத் தேடிப் படிங்க. ஃபார்மன்ட் செட்டிங்ல மேல் எல்லை பெண் குரலுக்கு 5500, ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், இதை மாத்தாம விட்டா, ஃபார்மன்ட் இங்க தான்னு ப்ராட் காட்டுற சிவப்புப் புள்ளிகள் தப்பான பட்டையில போய் ஒட்டும், அப்புறம் சாஃப்ட்வேர் சரியில்லன்னு திட்டுவீங்க.

இன்னொண்ணு, இது என் வயித்தெரிச்சல். ப்ராட் தானா சேவ் பண்ணாது. ஒரு மழை நாள், செத்த பேட்டரி லேப்டாப்ல மூணு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு சத்தமும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு 400 கோடு போட்டு வச்சிருந்தேன், கரண்ட் போச்சு, அவ்வளவு தான். ஆடியோ பத்திரமா இருந்துச்சு, போட்ட கோடு ஒண்ணு கூட இல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டெக்ஸ்ட்கிரிட்டை சேவ் பண்ணுங்க.

கேள்வி: இதெல்லாம் வாங்க எவ்வளவு ஆகும்? மேக்ல ஓடுமா? — ஒரு வாசகி, ஜெயநகர்

சத்தத்தை அளக்கிற ப்ராட், வீடியோ பார்த்து எழுதுற எலான், ஆடியோவை வெட்டி ஒட்டுற ஆடாசிட்டி மூணும் இலவசம், மூணும் மேக்ல ஓடும். காசை நல்ல மைக்குக்கு வச்சுக்குங்க.

கேள்வி: சிவாஜி நகர்ல டிடிபி கடை வச்சிருக்கேன். ஒரு பேராசிரியர் பழைய ஆராய்ச்சிப் புத்தகத்தை மறுபதிப்புக்குக் கொடுத்திருக்கார். ஃபைலைத் திறந்தா ஒலிக்குறி இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் கேப்பிட்டல் எழுத்து, ஆச்சரியக்குறி, கட்டம். ஃபாண்ட் எதைப் போட்டாலும் மாறல. — பெயர் வேண்டாம் என்கிறார்

அண்ணே, நீங்க பாமினி ஃபாண்ட் காலத்து ஆள் தானே? பாமினியில அடிச்ச கல்யாணப் பத்திரிகையை வேற கம்ப்யூட்டர்ல திறந்தா "mk;kh"ன்னு வர்ற மாதிரி கன்னாபின்னான்னு ஆங்கிலம் வருமே, அதே நோய் தான் இது. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி ஐபிஏவுக்கும் தனித்தனி ஃபாண்ட் இருந்துச்சு, எஸ்ஐஎல்ங்கிற மொழி ஆராய்ச்சி அமைப்போட எஸ்ஐஎல் ஐபிஏ93னு ஒண்ணு ஊரெல்லாம் ஓடுச்சு. அதுல உள்ள எழுத்து ஒண்ணு, மேல தெரியிற முகம் வேற. முகமூடியைக் கழட்டினதும் கேப்பிட்டல் எழுத்து தெரியுது.

ஃபாண்ட் மாத்தினா தீராது, எழுத்தையே யூனிகோடுக்கு மாத்தணும். பாமினிக்கு கன்வெர்ட்டர் போடற மாதிரி இதுக்கும் எஸ்ஐஎல்காரங்களே மாத்துற அட்டவணை கொடுத்திருக்காங்க. ஆனா பேராசிரியர் எந்த ஃபாண்ட்ல அடிச்சார்னு முதல்ல கேளுங்க, ஒரே புத்தகத்துல மூணாவது அத்தியாயம் வேற ஃபாண்ட்ல இருக்கிறதெல்லாம் நான் பார்த்திருக்கேன். மாத்தின பிறகு டூலாஸ் எஸ்ஐஎல் இல்லன்னா காரிஸ் எஸ்ஐஎல் போடுங்க, ரெண்டும் இலவசம், கீழ மேல ஒட்டுற சின்னக் குறியெல்லாம் இடம் மாறாம உக்காரும். புதுசா அடிக்கணும்னா கீமேன் போட்டு ஐபிஏ கீபோர்டு சேர்த்துக்குங்க.

மாத்தி முடிச்சதும் ப்ரூஃபை நீங்க பார்க்காதீங்க, பேராசிரியரையே பார்க்கச் சொல்லுங்க. ந, ன, ண மூணுக்கும் ஆங்கில என் மாதிரி தான் குறி, ஒண்ணு வெறும் என், ஒண்ணுக்கு அடியில பல் மாதிரி சின்ன வளைவு, ஒண்ணுக்கு வலது கால்ல வால். 10 பாயின்ட்ல அச்சானா பல்லும் வாலும் தூசி மாதிரி தெரியும், துடைச்சு விட்டுடப் போறீங்க.

கேள்வி: எங்க ஆயா கோலார் தங்கவயல்ல பிறந்து வளர்ந்தவங்க, சுரங்கம் மூடினப்புறம் எங்களோட கே.ஆர்.புரம் வந்துட்டாங்க. 84 வயசு. அவங்க தமிழ்ல தெலுங்கு கன்னடம் எல்லாம் கலந்து கிடக்கும், கேக்கவே ஆசையா இருக்கும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டா நிறைய சேர்த்து வச்சிருக்கேன். இதை வச்சு ஒலியெழுத்து எழுதலாமா? — ஒரு பேரன்

எழுதலாம் தம்பி, ஆனா புதுசா எடுக்க ஆயா இருக்காங்களே, அப்புறம் ஏன் வாய்ஸ் நோட்டு? வாட்ஸ்அப் ஆடியோவைக் கசக்கிப் பிழிஞ்சு சின்னதாக்கித் தான் அனுப்பும். என்ன சொன்னாங்கன்னு புரியறதுக்கு அது போதும், எப்படிச் சொன்னாங்கன்னு அளக்கப் போதாது. பழைய போன் கால் ரெக்கார்டிங் இன்னும் மோசம், சாதாரண போன் லைன்ல 3400 ஹெர்ட்ஸுக்கு மேல போனது எல்லாம் வெட்டுப்படும், ஸ-வோட உயிரே 4000க்கு மேல தான் இருக்கு. ஆயா சொன்னது "சாமி"யா "ஸாமி"யான்னு அப்புறம் குடும்பத்துக்குள்ள பஞ்சாயத்து வைக்கணும்.

போன்லயே வேவ் ஃபார்மட்ல எடுக்கிற ரெக்கார்டர் ஆப் இருக்கு, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்னு வச்சுக்குங்க. எம்4ஏன்னு சேவ் ஆகிடுச்சுன்னா ப்ராட் திறக்காது, முதல்ல ஆடாசிட்டி மாதிரி எதுலயாவது வேவா மாத்திக்கணும். ஆயா வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நேர் எதிர்ல வேணாம், கொஞ்சம் பக்கவாட்டுல, இல்லன்னா ஒவ்வொரு ப-வுக்கும் டப்புனு காத்து அடிக்கும். ஃபேனை நிறுத்துங்க. குக்கர் அடுப்புல இருக்கிறப்போ ஆரம்பிக்காதீங்க, நல்ல கதை மூணாவது விசில்ல தான் வரும். பட்டியல் கொடுத்து "ஆயா, இதைப் படிங்க"ன்னு சொல்லாதீங்க, படிக்கச் சொன்ன நிமிஷமே எல்லாரும் செய்தி வாசிக்க ஆரம்பிச்சிடறாங்க. சுரங்கத்துல சங்கு ஊதினா வீட்ல என்ன நடக்கும்னு கேளுங்க, அவங்க பாட்டுக்குப் போவாங்க.

அம்மா, அத்தை எல்லாம் நடுவுல புகுந்து பேசுற வீடா இருந்தா வீடியோவும் எடுத்து எலான்ல எழுதுங்க. நெதர்லாந்துல நைமேகன் ஊர்ல மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல செஞ்சது அது. ஆளுக்கு ஒரு அடுக்கு கொடுக்கலாம், யார் யாரை வெட்டிப் பேசினாங்கங்கிறது அப்படியே தெரியும். சத்தத்தை அளக்க மட்டும் ப்ராட்டுக்கு வந்துடுங்க.

கேள்வி: தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 247 எழுத்து இருக்கும் மொழிக்கு வெள்ளைக்காரன் குறி எதற்கு? தொல்காப்பியர் சொல்லாத ஒலியா? — ஒரு பெரியவர், மல்லேஸ்வரம்

ஐயா, வணக்கம். நீங்க கேட்டது எனக்குப் பிடிச்ச கேள்வி. நாக்கு நுனி மேல வளைஞ்சு அண்ணத்தை வருடினா ர-வும் ழ-வும் பிறக்கும்னு பிறப்பியல்ல சொல்லியிருக்காரே, அந்த ஒரு வரியைப் படிச்சிட்டு ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்தா நமக்கு மயிர்க்கூச்செறியும், அதுல உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்ல.

ஆனா அவர் எழுத்தை வகுத்தார், ஆளுக்கு ஆள் மாறுற சத்தத்தை இல்ல. கடல், அகம், தங்கம், மூணுலயும் ஒரே க தான் எழுதுறோம். முதல்ல அது வெட்டினாப்ல வருது, ரெண்டாவதுல தொண்டையை உரசுது, சில பேர் வாயில ஹ-வாவே ஆயிடுது, மூணாவதுல ங்-கோட சேர்ந்து குரல் ஏறி வருது. இடத்தைப் பார்த்தே தமிழனுக்குத் தெரிஞ்சிடும், அதனால மூணு எழுத்து வேணாம்னு விட்டாங்க, அது சிக்கனம், குறை இல்ல. ஆனா "பல்லு", "பல்பு" ரெண்டையும் சொல்லிப் பாருங்க ஐயா. ரெண்டுலயும் முதல் எழுத்து ப, ஆனா ஒரே சத்தமா? நம்ம எழுத்துல அந்த வித்தியாசம் விழல, பெங்களூர்ல பிறந்த ஒரு பிள்ளை "பாட்டில்", "பஸ்", "பந்த்"னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த இன்னொரு ப-வைச் சொல்லுது. அதைக் குறிக்கத் தான் அந்தக் குறி.

உங்களுக்கு ஒரு வேலை சொல்லட்டுமா? மாத்திரைன்னா கண்ணிமைக்கிற நேரம், கைநொடிக்கிற நேரம்னு நூற்பாவுல இருக்கு. குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு. பேரப்பிள்ளையை ப்ராட் போட்டுக் கொடுக்கச் சொல்லி "படம்", "பாடம்" ரெண்டையும் பத்துப் பத்து தடவை சொல்லுங்க, முதல் உயிரோட நீளத்தை மட்டும் மில்லிசெகண்ட்ல குறிச்சு சராசரி எடுங்க. சரியா ரெண்டு மடங்கு வந்தாலும் வராட்டியும் எனக்கு எழுதுங்க. அடுத்து "படு", "பாட்டு". கடைசி உகரம் ஒண்ணு முற்றியலுகரம், இன்னொண்ணு குற்றியலுகரம், அரை மாத்திரை. உங்க வாயில அது குறையுதான்னு பாருங்க, என் வாயில எப்படின்னு நான் இப்ப சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒயிட்ஃபீல்ட் ஐடி கம்பெனியில வேலை. தமிழ் உச்சரிப்பைத் திருத்துற ஆப் ஒண்ணு வீக்கெண்ட்ல பண்ணலாம்னு இருக்கேன். மாண்ட்ரியால் ஃபோர்ஸ்டு அலைனர் போதுமா? — ஒரு வாசகர்

போதாது, ஆனா நல்ல சாமான். பேச்சை அடையாளம் காணுற கால்டிங்கிற சாஃப்ட்வேர் மேல கட்டினது. ஆடியோவையும், அதுல என்ன பேசினாங்கங்கிற எழுத்தையும், உச்சரிப்பு அகராதியையும் கொடுத்தா எந்தச் சத்தம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கோடு போட்டு டெக்ஸ்ட்கிரிட்டா தரும். கைல 400 கோடு போட்டவன் சொல்றேன், அது வரம்.

ஆனா "ஃபோர்ஸ்டு"ங்கிற பேரைக் கவனிங்க. அகராதியில "பழம்"முக்கு ழ மட்டும் இருந்தா, பையன் "பளம்"னு சொன்னாலும் அது ழன்னு தான் முத்திரை குத்தும், ஏன்னா அதுகிட்ட வேற சாய்ஸே இல்ல. உங்க ஆப் பிடிக்க வேண்டிய தப்பை அதுவே மறைச்சிடும். அகராதியில பழம், பளம், பலம் மூணு உச்சரிப்பையும் போடுங்க, எதைத் தேர்ந்தெடுக்குதுன்னு பாருங்க. அதுவும் மாடல் எந்தப் பேச்சுல பழகினதுன்னு கேட்டுக்குங்க, மொசில்லா காமன் வாய்ஸ் மாதிரி இடத்துல இருக்கிறது பெரும்பாலும் ஸ்கிரீன்ல வர்ற வாக்கியத்தை மக்கள் படிச்ச குரல், படிக்கிற தமிழ் வேற, மார்க்கெட்ல பேரம் பேசுற தமிழ் வேற. வீக்கெண்ட்ல முடியாது சார், மூணு நாள் லாங் வீக்கெண்ட் வந்தாலும்.

கேள்வி: என் பொண்ணுக்கு ஆறு வயசு, இங்கயே பிறந்தவ. "கோளி", "பளம்"னு தான் சொல்றா. ஊர்ல மாமியார் கிண்டல் பண்றாங்க. ழ பழக ஆப் இருக்கா? — ஒரு அம்மா, பானஸ்வாடி

முதல்ல மாமியாருக்கு ஒரு சேதி. கன்னடத்துலயும் ஒரு காலத்துல ழ இருந்துச்சு, தனி எழுத்தே உண்டு, பழைய கல்வெட்டுல பார்க்கலாம். அப்புறம் அது பெரும்பாலும் ள-வோட கலந்துடுச்சு. நம்ம கோழி அவங்களுக்கு கோளி, நம்ம ஏழு அவங்களுக்கு ஏளு. உங்க பொண்ணு நாள் பூரா ஸ்கூல்ல சரியான கன்னடம் கேட்டுக்கிட்டு வர்றா, அந்த நாக்கோட வீட்டுக்கு வர்றா. ஊர்ல மட்டும் எல்லாரும் ழ சொல்றாங்களாக்கும், மதுரைப் பக்கம் போய் வாழைப்பழம் கேட்டுப் பாருங்க.

ஆப் வேணாம். ஆறு வயசுக்கு ஸ்பெக்ட்ரோகிராம் வெறும் புகை. ஒரு கண்ணாடி முன்னாடி ரெண்டு பேரும் நில்லுங்க, வாயைக் கொஞ்சம் திறந்து அ-ன்னு இழுத்துக்கிட்டே நாக்கு நுனியை மெதுவா பின்னாடி மடக்கச் சொல்லுங்க, மேல எங்கயும் ஒட்டக் கூடாது. ஒட்டினா ள, ஒட்டாம நின்னா ழ. நாக்கு பின்னாடி போறப்போ அந்த அ தானாவே நிறம் மாறும், அதைக் கேட்டதும் அவளே சிரிப்பா. ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல வேணாம். அவ முதல் தடவை ழ சொல்றப்போ மட்டும் மறக்காம ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, வேவ் ஃபைலா.